உளுந்து குறைந்த மாவு



புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் சிறு குறிப்பு ஒன்றை எழுதினார்கள். தங்கள் இருவரின் படத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்க நாம் பயன்படுத்தும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. படத்தைப் பார்ப்பவர்கள் இருவருமே ஒல்லி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அளந்து பார்த்தபோது யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதமும், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதமும் இருந்தன. எடை சொல்லாததை உடல் ஒளித்து வைத்திருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு யாஜ்னிக் குழுவினர் வேறொன்றையும் காட்டியிருந்தார்கள். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களுக்கு 3.5 கிலோ. இந்த 800 கிராம் எங்கே குறைந்தது என்று தேடியபோது, நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன, தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தாயின் வயிற்றிலேயே நம் உடல் தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. பிறகு வளர்ந்து, நகரத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது அந்தக் கொழுப்பு இடுப்பில் சேர்கிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உருவத்தை நம் தெருக்களில் எங்கும் பார்க்கிறோம். அதைச் செல்வச் செழிப்பின் அடையாளமாகச் சொல்லிப் பெருமைப்பட்ட காலமும் இருந்தது.

நான் உணவியல் பாடம் நடத்துகிறவள். அண்மைக் காலமாக எங்கே போனாலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று: "புளித்த உணவு சாப்பிட்டால் தொப்பை கரையுமாமே?" தயிர், பழைய சோறு, இட்லி, கொரியாக்காரர்களின் கிம்ச்சி, ஜப்பானியரின் நாட்டோ என்று பெயர்கள் மட்டும் மாறும். இந்தக் கேள்வியை நான் முக்கியமானதாகவே எடுத்துக்கொள்கிறேன். கேட்பவர்கள் உண்மையாகவே பயந்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கோ சர்க்கரை வந்திருக்கும், யாருக்கோ ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேன் அறிக்கை சொல்லியிருக்கும்.

முதலில் எந்தக் கொழுப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வயிற்றில் கையால் பிடித்தால் மடிப்பாக வருவது தோலடிக் கொழுப்பு. அதற்கும் உள்ளே, வயிற்றுத் தசைக்குப் பின்னால், குடலைச் சுற்றிப் படர்ந்திருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. இரண்டாவதுதான் ஆபத்தானது. அதிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் குடலிலிருந்து வரும் இரத்தத்தோடு கலந்து நேராக ஈரலுக்குப் போகின்றன. இதற்கு ஓர் அழுத்தமான சான்று உண்டு. 2004இல் அமெரிக்காவில் உடற்பருமன் கொண்ட 15 பெண்களுக்கு வயிற்றின் தோலடிக் கொழுப்பை ஏறக்குறைய 10 கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். இடுப்பு சுருங்கியது. ஆனால் இன்சுலின் வேலை செய்யும் திறனிலோ இரத்த அழுத்தத்திலோ எந்த முன்னேற்றமும் இல்லை. கண்ணாடிக்குத் தெரியும் கொழுப்பு போயிற்று, நோய்க்கு வழிசெய்யும் கொழுப்பு அங்கேயே இருந்தது.

உள்ளே இருப்பதை வீட்டில் தோராயமாக மதிப்பிட ஒரு தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு சுற்றி அளக்க வேண்டும். வேட்டியோ சேலையோ கட்டும் இடம் பெரும்பாலும் இதைவிடக் கீழே இருக்கும், அதனால் உடை அளவை நம்பக்கூடாது. இந்தியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. உடல் நிறைக் குறியீட்டெண்படி பார்த்தால் நாட்டில் பருமன் 28.6 சதவீதம் பேருக்கு. இடுப்பை அளந்து பார்த்தால் 39.5 சதவீதம் பேருக்கு. நடுவில் இருக்கும் பதினோரு சதவீதம் பேரில் எத்தனை பேர் எடை இயந்திரத்தைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது புளித்த உணவுக்கு வருகிறேன்.

புளித்த உணவு வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கிறது என்ற பேச்சுக்கு அடித்தளமாக எப்போதும் காட்டப்படுவது ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு. 2010இல் வெளியானது. வயிற்றுக் கொழுப்பு கூடிய 87 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தினமும் 200 கிராம் புளிக்கவைத்த பால், பன்னிரண்டு வாரம். ஒரு குழுவின் பாலில் மட்டும் 'லாக்டோபேசில்லஸ் கேசரி' என்ற நுண்ணுயிரின் குறிப்பிட்ட ஒரு வகையைச் சேர்த்திருந்தார்கள். முடிவில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அந்தக் குழுவினருக்கு உள்ளுறுப்புக் கொழுப்பின் பரப்பு 4.6 சதவீதமும் இடுப்பளவு 1.8 சதவீதமும் குறைந்திருந்தன. 90 சென்டிமீட்டர் இடுப்புள்ளவருக்கு ஒன்றரைச் சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். மற்றக் குழுவுக்கு அப்படிக் குறையவில்லை.

இந்த ஆய்வை நம் ஊரில் பலரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். மற்றக் குழுவினர் சாப்பிட்டதும் புளித்த பால்தான். அதே அளவு, அதே புரதம், அதே புளிப்பு. ஆகவே இந்த ஆய்வைத் தயிருக்குத் தரும் சான்றிதழாகக் கொள்ள முடியாது. பால் நிறுவனம் ஒன்று தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு நுண்ணுயிர் வகைக்கு மட்டும் உரிய முடிவு அது, ஆய்விலும் அந்த நிறுவனத்தின் கை இருந்தது. 2013இல் 210 பேரிடம் மறுபடி செய்து பார்த்தபோது உள்ளுறுப்புக் கொழுப்பு எட்டு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. குடிப்பதை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்தப் பலன் மங்கத் தொடங்கியது. நம் வீட்டில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறோமே, அந்தப் பாத்திரத்தில் ஜப்பானிய ஆய்வகத்தின் நுண்ணுயிர் இருக்கிறது என்று யாரும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது.

கொரியாவிலிருந்து வந்த செய்தியும் இப்படித்தான். 2024இல் 1,15,726 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து, நாளுக்கு ஒன்று முதல் மூன்று முறை கிம்ச்சி சாப்பிடும் ஆண்களிடம் பருமன் 11 சதவீதம் குறைவு என்றார்கள். அதே ஆய்வில், ஐந்து முறைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு எடை கூடுதலாக இருந்தது. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு என்பதால், கிம்ச்சியால் எடை குறைந்ததா, ஒழுங்காக வாழ்கிறவர்கள் கிம்ச்சியை அளவாகச் சாப்பிடுகிறார்களா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. கிம்ச்சி முட்டைக்கோசிலும் முள்ளங்கியிலும் செய்வது, புரதம் அதில் மிகக் குறைவு, உப்போ நிறைய.

தயிரைப் பற்றி ஒரு பெரிய கணக்கு அமெரிக்காவிலிருந்து 2011இல் வந்தது. 1,20,877 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் ஒரு கிண்ணம் தயிர் கூடுதலாகச் சாப்பிட்டவர்களின் எடை நான்காண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டால் 370 கிராம் அளவுக்குக் குறைவாக இருந்தது. நான்கு ஆண்டுக்கு 370 கிராம். நல்ல திசைதான், மறுக்கவில்லை. ஆனால் தொப்பை கரைவது என்று நாம் சொல்வது இதையல்ல.

அப்படியானால் புளிப்பினால் பயனே இல்லையா? உண்டு. அந்தப் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. பத்து வாரம் தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், புளிக்கவைத்த காய்கறி என்று நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. உள்ளுறுப்புக் கொழுப்பு செய்யும் கேடுகளில் ஒன்று அழற்சி என்பதால் இந்த முடிவை நான் மதிக்கிறேன். இடுப்பளவைக் குறைக்க நடத்திய ஆய்வு அல்ல அது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பயன் உயிருள்ள நுண்ணுயிர்களோடு உண்ணும் உணவுக்கு உரியது. தயிரில் அவை உயிரோடு இருக்கின்றன, நீராகாரத்தில் இருக்கின்றன. இட்லியை ஆவியில் வேகவைத்துவிடுகிறோம், தோசையைச் சூடான கல்லில் வார்க்கிறோம், மோர்க்குழம்பைக் கொதிக்கவிடுகிறோம். அங்கே நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. மேடையில் இட்லியைப் பற்றிப் பேசும் பலரும் அதைக் குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர் உணவு என்கிறார்கள். வெந்த இட்லியில் அந்த உயிர்கள் இல்லை. ஆனால் சாகும் முன் அவை செய்துவிட்டுப் போன வேலை இருக்கிறது, என் பேச்சின் மையம் அந்த வேலைதான்.

இட்லி மாவில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெய்ன்க்ராஸ் குழுவினர் 1965இல் ஆராய்ந்து எழுதினார்கள். மாவைப் பொங்கவைப்பது 'லியூகோநாஸ்டாக்' என்ற நுண்ணுயிர். ஈஸ்ட் எதுவும் போடாமலே, உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வந்த உயிர்கள் இரவோடு இரவாகப் பெருகி, காற்றையும் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. அந்தக் காற்றை மாவு ஏன் விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் விடை சொன்னது. உளுந்தில் உள்ள ஒரு வகைப் புரதமும், அதன் வழவழப்பான கோந்தும் சேர்ந்து நுரையைத் தாங்குகின்றன. இட்லி பஞ்சுபோல் வருவது உளுந்தின் புரதத்தாலும் கோந்தாலும்.

நுண்ணுயிர்கள் இதே நேரத்தில் இன்னொன்றும் செய்கின்றன. பருப்பில் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கின்றன. புரதத்தின் ஒரு பகுதியைச் சிறு துண்டுகளாக உடைக்கின்றன. பிறகு ஆவியில் வேகும்போது, செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் பெரும்பாலும் அழிகின்றன. உளுந்து வடை சாப்பிட்டு வயிறு மந்தமாகிறவர்களுக்கும் அதே உளுந்தில் செய்த இட்லி ஒத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைக்கும், காய்ச்சல்காரருக்கும், பல் விழுந்த பாட்டிக்கும் இட்லியைக் கொடுத்த நம் வீட்டுப் பெண்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்திருந்தார்கள்.

ஆனால் நொதித்தல் புதிதாகப் புரதத்தை உண்டாக்குவதில்லை. போட்ட உளுந்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். 100 கிராம் உளுத்தம் பருப்பில் 23 கிராம் புரதம். 100 கிராம் பச்சரிசியிலோ 8 கிராம்கூட முழுசாக இல்லை. அதனால்தான் பழைய சோற்றை எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது அரிசியின் புரதத்தைத் தாண்டாது. பழைய சோறு நல்ல உணவு, வெயில் காலத்தில் உடலுக்கு இதமானது. புரதத்துக்காக அதை நம்பக்கூடாது.

புரதத்துக்கும் தொப்பைக்கும் என்ன தொடர்பு? மூன்று வழிகளில் உண்டு. புரதத்தைச் செரித்துப் பயன்படுத்தவே உடல் அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவழிக்கிறது, மாவுச்சத்துக்கு 5 முதல் 10 சதவீதம்தான். எடை குறையும்போது தசை போய்விடாமல் காக்கிறது. இந்த இரண்டையும்விடப் பெரியது பசி. 2005இல் சியாட்டிலில் 19 பேருக்குப் புரதத்தை மொத்தக் கலோரியில் 15இலிருந்து 30 சதவீதமாக உயர்த்தி, அதற்கு ஈடாகக் கொழுப்பைக் குறைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். யாரும் பட்டினி இருக்கச் சொல்லவில்லை. அவர்களாகவே நாளுக்குச் சராசரியாக 441 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் 4.9 கிலோ குறைந்தது, அதில் 3.7 கிலோ கொழுப்பு.

எதிர்ச் சான்றையும் வைக்கிறேன். 2009இல் 811 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், கலோரியைக் குறைத்த உணவில் புரதம் 15 சதவீதமா 25 சதவீதமா என்பது எடைக் குறைவில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: மொத்த உணவு குறைந்தால்தான் வயிறு குறையும். பசியோடு போராடாமல் மொத்த உணவைக் குறைக்கப் புரதம் துணை நிற்கும். அந்தத் துணையை நம் தட்டு நமக்குத் தருகிறதா?

சென்னையில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நகரவாசிகள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. அதை அதிகம் உண்டவர்களுக்கு இடுப்பளவும் அதிகம். ஒரு சாதாரணச் சைவக் குடும்பத்தில் ஒருவரின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலையில் நான்கு இட்லி, சட்னி, நீர்த்த சாம்பார். பகலில் சோறு, குழம்பு, ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். இரவு மூன்று தோசை. எல்லாம் சேர்த்து 40, 45 கிராம் புரதம் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்கிறது, 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். கணக்கு ஏறக்குறைய ஒட்டிவிடுகிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் அதில் பாதிக்கு மேல் அரிசியின் புரதம். லைசின் என்ற அமினோ அமிலம் அரிசியில் போதாது, பருப்பில் நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சரியான அளவில் சேர்ந்தால்தான் உடலால் அவற்றைத் தசையாக நன்கு கட்ட முடியும். அந்தச் சரியான அளவை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது: தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு.

மூன்றுக்கு ஒன்று. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் எந்த அளவில் போட வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலர் இதையேதான் சொல்வார்கள். அறிவியல் இப்போது வந்து சேர்ந்த இடத்தில் நம் மாவுப் பாத்திரம் வெகுகாலமாக இருந்தது. இன்று என்ன ஆயிற்று? அரிசியைவிட உளுந்து இரண்டு மூன்று மடங்கு விலை. நாலுக்கு ஒன்று ஆனது, சில இடங்களில் ஐந்துக்கு ஒன்று. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகும் என்பதால் ஆப்ப சோடாவும் அவலும் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். பார்வைக்கு அதே இட்லி. உள்ளே இருக்கும் பருப்பு கரைந்துவிட்டது.

இதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இட்லி அரிசி இரண்டு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், சோயா பயறு அரை டம்ளர். சோயாவை இரவே தனியாக ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டெடுத்து அரைத்தால் பச்சை வாடை வராது. உளுந்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் சோயாவைப் போடாதீர்கள், நுரையைத் தாங்கும் கோந்து சோயாவில் இல்லை, மாவு அமுங்கிவிடும். அரிசியைக் குறைத்துத்தான் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நாலுக்கு ஒன்று மாவில் சுட்ட நான்கு இட்லியில் ஏழரை கிராம் புரதம் என்றால், இந்த மாவில் ஏறக்குறைய பதினோரு கிராம் வரும். புரதத்தின் தரமும் உயரும். சோயா பிடிக்காதவர்கள் பாசிப்பயறு இரண்டு பங்கு, அரிசி ஒரு பங்கு போட்டு இரவு புளிக்கவைத்துத் தோசை வார்க்கலாம். அதில் உலர்ந்த எடையில் 18 சதவீதத்துக்கு மேல் புரதம்.

தயிரில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவுதான் புரதம். அரை லிட்டர் பாலில் உறைந்த தயிரைச் சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, குளிர்பெட்டியில் இரவு முழுக்க வடியவிட்டால் கெட்டியான தயிர் கிடைக்கும். 100 கிராமில் 8 கிராம் வரை புரதம் வந்துவிடும், நுண்ணுயிரும் உயிரோடு இருக்கும். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்துக்கு ஊற்றலாம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்ட நீர்மோர் தாகத்துக்கு நல்லது, புரதக் கணக்கில் சேராது. ஊறுகாயையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புளித்த உணவுகளில் புரதம் நிறைந்த ஒன்று ஜாவாவில் பிறந்த தெம்பே. வேகவைத்த சோயாவின் மேல் 'ரைசோபஸ்' பூஞ்சை படர்ந்து அதை ஒரே கட்டியாகப் பிணைத்துவிடுகிறது. 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வீடுகளில் தெம்பேயை மிளகாய்ச் சம்பாலில் புரட்டிச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். கடல் கடந்து போனவர்கள் கற்றுக்கொண்டதை நாமும் கற்கலாம். ஜப்பானில் 92,915 பேரிடம் எடுத்து 2020இல் வெளியான கணக்கில், நாட்டோ, மிசோ போன்ற புளித்த சோயாவை அதிகம் உண்டவர்களின் இறப்பு விகிதம் 10 சதவீதம் குறைவாக இருந்தது. புளித்தது, புளிக்காதது எல்லாம் சேர்ந்த மொத்த சோயா அளவில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. புரதமும் நொதித்தலும் ஒரே தட்டில் சேர்வதன் மதிப்பு இதில் தெரிகிறது என்று நான் கருதுகிறேன்.

சில எச்சரிக்கைகள். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. மற்றவர்களும் பருப்பைக் கூட்டிவிட்டுச் சோற்றை அப்படியே வைத்துக்கொண்டால் இடுப்பு இன்னும் பெருகும். கூட்டிய அளவுக்கு அரிசியைக் கழிக்க வேண்டும். வயிற்றுக்கான உடற்பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாக எடுக்காது. வேகமாக நடப்பது உள்ளுறுப்புக் கொழுப்பைக் குறைக்கும், எடை தூக்கிச் செய்யும் பயிற்சி தசையைக் காக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பருப்பு தீர்ந்த சாம்பாரின் மேல்நீரை ஊற்றிச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். தசை கரைவதும் இடுப்பு பெருப்பதும் அந்த வயதில் ஒன்றாகத் தொடங்குகின்றன. அந்த வயதில் தசைக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்கு வெளியே ஒன்று. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு மாதம் சாதாரணமாக 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைத் துரத்திய திட்டம் அது, அதன் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம் பருப்பை 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். இருபதுக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று வேண்டிய இடத்தில் இருபதுக்கு ஒன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நால்வர் அதிக எடையோடு இருந்ததை இந்த விகிதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

5 கிலோ அரிசியில் இருக்கும் புரதம் ஏறக்குறைய 400 கிராம். இரண்டு கிலோ உளுந்திலோ துவரையிலோ அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது, கலோரியோ மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். விரும்புகிற குடும்பம் தன் 20 கிலோவில் 5 கிலோ அரிசியை விட்டுக்கொடுத்து 2 கிலோ பருப்பை வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தரலாம். வயல்வேலையும் கட்டட வேலையும் செய்கிறவர்களுக்கு அரிசியின் கலோரி தேவை, அவர்கள் 20 கிலோவையும் வாங்கிக்கொள்ளட்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் வீடுகள், சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகள், முதியவர்கள் மட்டும் வாழும் வீடுகள் பருப்பைத் தேர்ந்தெடுக்கும். உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும், உணவுத் துறையிடமும், கிராம சபையிலும் இதைக் கேளுங்கள். மனுவாக எழுதித் தர நான் உதவுகிறேன்.